தமிழ்க் கிறிஸ்தவமும் பண்பாடும்: பல்கலைக்கழகத்தில் படிக்க வருவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிறிஸ்தவத்தையும் பண்பாட்டையும் சேர்த்துப் படிக்க விரும்பி முதுகலைக்கோ முனைவர் பட்டத்துக்கோ வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான தலைப்போடு வருகிறார்கள். தமிழ்ப் பண்பாட்டில் கிறிஸ்தவத்தின் தாக்கம் என்பது ஒன்று. தமிழுக்குக் கிறிஸ்தவர்களின் தொண்டு என்பது மற்றொன்று. அச்சு, அகராதி, உரைநடை என்று பட்டியலிட்டு முடிந்துவிடும் ஆய்வேடுகள் இந்த இரண்டு தலைப்புகளிலும் நூலகங்களில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எந்த வழக்கத்தைத் திருச்சபை 'பண்பாடு' என்று ஏற்றுக்கொண்டது, எதை 'மூடநம்பிக்கை' என்று தள்ளியது, அந்த முடிவை எடுத்தவர்கள் யார், அதனால் கோயிலுக்குள் யார் முன்னால் நின்றார்கள், யார் பின்னால் நிறுத்தப்பட்டார்கள் என்ற கேள்விகளை அவற்றுள் மிகச் சிலவே தொடுகின்றன. இந்தத் துறையில் செய்வதற்கு இன்னும் நிறைய இருப்பது அந்தக் கேள்விகளில்தான் என்பது என் கருத்து. கீழே வரும் படிகள் அந்தக் கேள்விகளை நோக்கியே அமைந்துள்ளன.

முதல் படி: எந்தத் துறை வழியாக நுழைவது

இறையியலும் சமயவியலும் வேறுவேறு படிப்புகள். சேர்வதற்கு முன்பே இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இறையியல் கல்லூரி நம்பிக்கைக்குள் இருந்து கேள்வி கேட்கிறது. அங்கே படிப்போரில் பெரும்பாலோர் சபைப் பணிக்குச் செல்பவர்கள். மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியும், சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும் வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் செனட்டின் கீழ் பி.டி. (இறையியல் இளநிலை) முதலிய பட்டங்களுக்குப் பயிற்றுவிக்கின்றன. செராம்பூர் கல்லூரி 1818-இல் நிறுவப்பட்டது. பட்டம் வழங்கும் உரிமையை 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் பெற்றது. பொதுவாக இத்தகைய கல்லூரிகளில் சேர்வதற்குச் சபையின் பரிந்துரை வேண்டும்.

சமயவியலோ நம்பிக்கைக்கு வெளியிலிருந்தும் சமயத்தை ஆராயும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வியல் துறை அவ்வகையில் இறையியல் கல்லூரிகளிலிருந்து மாறுபட்டது. அரசுப் பல்கலைக்கழகத் துறை என்பதால் மாணவர் எந்தச் சமயத்தவர் என்பதும், சமய நம்பிக்கை உள்ளவரா இல்லாதவரா என்பதும் சேர்க்கைக்குப் பொருட்டல்ல. இலங்கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. வெளிநாட்டில் படிக்க வாய்ப்புள்ளவர்கள் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உள்ள உலகக் கிறிஸ்தவ ஆய்வு மையத்தைக் கவனிக்கலாம்.

கிறிஸ்தவம் என்ற பெயரைத் தாங்கிய துறையில்தான் இதைப் படிக்க வேண்டும் என்பதில்லை. வரலாறு, மானிடவியல், தமிழிலக்கியம், நாட்டார் வழக்காற்றியல் ஆகிய துறைகளிலிருந்து வந்தவர்களே இத்துறைக்குச் சிறந்த ஆய்வுகள் பலவற்றைத் தந்திருக்கிறார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. துறையின் பெயரைவிட நெறியாளர் யார், அவர் எந்தக் காலகட்டத்தை அறிந்தவர் என்பதே முக்கியம். எம்.ஃபில். படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நிறுத்திவிட்டது. முன்பு அந்த ஓராண்டில் கைவந்த ஆய்வுப் பயிற்சியை இப்போது முதுகலைத் திட்டக்கட்டுரையிலேயே பெற்றாக வேண்டும் என்பதால், அதை வெறும் மதிப்பெண்ணுக்கான வேலையாகக் கருதக்கூடாது.

இரண்டாம் படி: மொழிகள்

தமிழ் தெரியும் என்பது மட்டும் போதாது. பழைய ஆவணங்களில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது; சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. வாரம் ஓர் ஓலைச்சுவடிப் பக்கமாவது படித்துப் பழகினால் ஓராண்டில் கண் தேறிவிடும்.

இரண்டாவது மொழியை உங்கள் ஆய்வுப் பகுதிதான் முடிவு செய்யும். பதினாறாம் நூற்றாண்டின் முத்துக்குளித்துறையை (தூத்துக்குடியை அடுத்த கடற்கரையை) எடுத்தால் போர்ச்சுகீசியம், லுத்தரன் மிஷன் இருந்த தரங்கம்பாடியை எடுத்தால் ஜெர்மன். 1838-க்குப் பின் மதுரைக்கு மீண்டும் வந்த இயேசு சபையார் (கத்தோலிக்கத் துறவு சபை ஒன்றின் குருக்கள்) பிரெஞ்சுக்காரர்கள் என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டு மதுரை, நெல்லைக் கத்தோலிக்கத்தைப் படிக்கப் பிரெஞ்சு வேண்டும். திருமுழுக்குப் பதிவேடுகளுக்கு இலத்தீன் கொஞ்சம் தெரிந்தால் போதும். பதிவேட்டில் பேத்ருஸ் என்றிருப்பவர் ஊரில் இராயப்பன், பவுலுஸ் என்பவர் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன், அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் ஒரு குடும்பத்தை இரண்டு தலைமுறைக்குமேல் பின்தொடர முடியாது.

விவிலிய மேற்கோளுக்கும் ஒரு நெறி உண்டு. ஆய்வுக்குரிய மக்கள் எந்த மொழிபெயர்ப்பைப் படித்தார்களோ அதிலிருந்தே காட்ட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த லுத்தரன் சபையாருக்கு ஃபபிரிஷியுஸ் மொழிபெயர்ப்பு. பிற்காலப் புரோட்டஸ்டண்டுகளுக்கு 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வந்த திருத்திய மொழிபெயர்ப்பு. இன்றைய கத்தோலிக்கருக்கு 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு.

மூன்றாம் படி: கோட்பாட்டை ஒரு வழக்கின் வழியாகப் படிப்பது

கிறிஸ்தவமும் பண்பாடும் என்றதும் எல்லாப் பாடத்திட்டமும் அமெரிக்க இறையியலாளர் ரிச்சர்ட் நீபூரிடமிருந்து தொடங்கும். பண்பாட்டை எதிர்க்கும் கிறிஸ்து, பண்பாட்டோடு ஒன்றிய கிறிஸ்து, பண்பாட்டுக்கு மேலான கிறிஸ்து, பண்பாட்டோடு முரண்பட்டபடி உடன் வாழ்தல், பண்பாட்டை உருமாற்றும் கிறிஸ்து என்று 1951-இல் அவர் ஐந்து நிலைகளை வகுத்தார். படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதையே உங்கள் ஆய்வின் சட்டகமாக வைத்துக்கொள்ளாதீர்கள். கிறிஸ்தவம் ஒரு பக்கம், பண்பாடு மறுபக்கம், இரண்டும் வெளியிலிருந்து வந்து சந்திக்கின்றன என்ற எண்ணத்தை அது எளிதில் உண்டாக்கிவிடும். தமிழ்நாட்டுச் சான்றுகள் அப்படி நடந்ததாகச் சொல்லவில்லை. எது சமயம், எது பண்பாடு என்ற கோடே இங்கே ஒரு சண்டையில் போடப்பட்டது.

அந்தச் சண்டையைத்தான் முதலில் ஊன்றிப் படிக்க வேண்டும். 1606-இல் இத்தாலிய இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தபோது அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த குரு ஏற்கெனவே பணியாற்றிக்கொண்டிருந்தார். பெர்னாண்டஸின் சபையில் இருந்தவர்கள் கடலோரச் சமூகத்தவரான பரவரும் போர்ச்சுகீசியரும். மதுரையின் மேல்சாதியார் அதைப் பரங்கி மார்க்கம், அதாவது ஐரோப்பியர் மதம், என்று ஒதுக்கினார்கள். நோபிலி காவி உடுத்தார், புலால் விலக்கினார், தனி வீட்டில் துறவியாக வாழ்ந்தார். தம்மிடம் வந்தவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனப் பொட்டையும் விட வேண்டியதில்லை என்றார். அவருடைய வாதத்தின் உயிர், இவை குலத்தையும் தகுதியையும் காட்டும் உலகியல் அடையாளங்களே அன்றி வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்பது. அவை சமயச் சின்னங்களே என்று பெர்னாண்டஸ் மறுத்து எழுதினார். 1619-இல் கோவாவில் கூடிய மாநாட்டில் பெரும்பாலோர் நோபிலிக்கு எதிராக நின்றார்கள். இறுதியில் 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, சடங்குப் பொருள் நீக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு அவற்றை அனுமதித்தார்.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நோபிலியைப் பண்பாட்டுமயமாக்கலின் முன்னோடி என்று பாராட்டிவிட்டு அடுத்த இயலுக்குப் போய்விடும். நீங்கள் அங்கேயே நில்லுங்கள். பூணூல் குல அடையாளம் என்பதால் அனுமதிக்கப்பட்டது என்றால், குலம் என்ற ஏற்பாடும் அதனோடு சேர்ந்து அனுமதிக்கப்பட்டதாகிறது. பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704-இல் பிறப்பித்த ஆணையை அடுத்துப் படித்தால் இது விளங்கும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அந்த ஆணை தடுக்கிறது; நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள் சென்று குருக்கள் அருளடையாளங்கள் (திருச்சபையின் புனிதச் சடங்குகள்) வழங்க மறுப்பதையும் கண்டிக்கிறது. தாலியும் தீண்டாமையும் ஒரே ஆணையில், ஒரே வகையான 'வழக்கங்கள்' என்ற வரிசையில் நிற்கின்றன. இந்த விவகாரம் மேலும் நாற்பது ஆண்டுகள் நீண்டு, 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையோடுதான் ஓரளவு அடங்கியது.

சீர்திருத்தச் சபைகளும் இதற்கு விலக்கல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், தமிழ்க் கீர்த்தனை மரபைச் சபைக்குள் நிலைநிறுத்தியவர். அவரே 1820-களின் இறுதியில் புதிய மிஷனரிமார் சாதி வேறுபாடுகளைக் குலைக்கிறார்கள் என்று எதிர்த்து எழுதினார். தமிழ் இசையைக் காத்த அதே கை சாதி ஒழுங்கையும் காக்க முயன்றது. இரண்டையும் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பாராட்டுவது ஆய்வாகாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் சீர்திருத்த மாநாடான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வேகம் பெற்ற இந்தியமயமாக்கலை இந்தப் பின்னணியில் படியுங்கள். வழிபாட்டுக்கென 1969-இல் ரோமை ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு அம்சங்களும், சங்கத்துக்கு முன்பே தொடங்கிய கிறிஸ்தவ ஆசிரமங்களான தண்ணீர்ப்பள்ளி சாந்திவனமும், திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமமும் 'இந்தியப் பண்பாடு' என்று தேர்ந்தவை பெரும்பாலும் வேத, ஆசிரம மரபுகள். அது யாருடைய பண்பாடு என்ற கேள்வி 1980-களில் தலித் இறையியலாக எழுந்தது. குருகுலில் அர்விந்த் நிர்மல் அதற்குக் கல்விப்புல வடிவம் கொடுத்தார். மதுரை இறையியல் கல்லூரியில் 'பறட்டை' என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இவ்வளவையும் வரிசையாகப் படிக்க ஒரு பருவம் முழுவதும் ஆகும். அதற்குத் தயங்க வேண்டாம்.

நான்காம் படி: ஓர் ஊர், ஒரு பொருள்

தலைப்பைச் சுருக்குங்கள் என்று எல்லா நெறியாளர்களும் சொல்வார்கள். எவ்வளவு சுருக்குவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்.

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் 1872-இல் இரண்டு நடைக்கூடங்களோடு கட்டப்பட்டது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போல இரு கூடங்கள் பிரிந்து செல்லும். ஒன்றில் வெள்ளாளர், மற்றொன்றில் நாடார். இரு சாராரும் பீடத்தைப் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910-இல் குரு கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றும் அவர்களுடைய கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இந்த ஒரு கட்டடத்தில் எத்தனை ஆய்வுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கட்டடக்கலை மாணவருக்கு அது ஒரு தரைத்திட்டச் சிக்கல். சட்ட வரலாற்று மாணவர், மதம் மாறியவருக்குச் சாதி வழக்கத்தின் பேரில் உரிமை கோர இடமுண்டா என்று நீதிமன்றம் எப்படி ஆராய்ந்தது என்று பார்ப்பார். இறையியல் மாணவருக்கு ஒரே அப்பத்தை இரு கூடங்களில் பகிர்வதன் பொருள் என்ன என்ற கேள்வி. சமூக வரலாற்று மாணவரோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார்கள் பொருளாதாரத்திலும் தன்மதிப்பிலும் எழுந்ததை, 1859 வரை தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தோடு சேர்த்துப் பார்ப்பார். 'தமிழ்க் கிறிஸ்தவத்தில் சாதி' என்ற தலைப்பு இவற்றில் எதையும் முழுதாகச் செய்ய விடாது.

சுருக்கியபின் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'பங்கு' என்றோ 'தாக்கம்' என்றோ அதில் வந்தால் திரும்பவும் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: ஆவணக் காப்பகங்கள்

எந்த ஊர் எந்த மிஷனின் கீழ் இருந்தது என்று தெரிந்தால் அதன் காகிதங்கள் எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும். மதுரை மாநில இயேசு சபையாரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் காப்பகத்தில் உள்ளன. சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியது முதலான லுத்தரன் மிஷனின் ஆவணங்கள் ஜெர்மனியின் ஹல்லே நகரில், ஃபிராங்கே அறநிலையத்தில் இருக்கின்றன. அங்கே தமிழ் ஓலைச்சுவடிகளும் உண்டு. மிஷனரிமாரின் அச்சிட்ட அறிக்கைகளை இணையத்திலேயே படிக்கலாம். நெல்லையின் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், நாகர்கோவில் பகுதியின் இலண்டன் மிஷன் ஆவணங்கள் இலண்டனில் எஸ்.ஓ.ஏ.எஸ். (கீழை, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி) நூலகத்திலும், மதுரை, யாழ்ப்பாணம் அமெரிக்கன் மிஷன்களின் காகிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்திலும் இருக்கின்றன. நிலம், வழக்கு, கலவரம் தொடர்பான அரசுக் கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பழைய துண்டுப் பிரசுரங்கள், கீர்த்தனைப் புத்தகங்கள், சமய விவாத நூல்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

மிஷனரி அறிக்கைகளைப் படிக்கும்போது அவை யாருக்காக எழுதப்பட்டவை என்பதை மறக்கக்கூடாது. ஐரோப்பாவில் பணம் தந்தவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை அவை. அவற்றில் மனமாற்றங்கள் பெரிதாகத் தெரியும், உள்ளூர்ப் போதகர்களான உபதேசியார்கள் சிறிதாகத் தெரிவார்கள். உண்மையில் ஊர் ஊராக நடந்து, செபம் சொல்லிக்கொடுத்து, சண்டை தீர்த்து, இறந்தவரை அடக்கம் செய்தவர்கள் அந்த உபதேசியார்களே. அவர்களுடைய பெயர்களைச் சம்பளப் பட்டியல்களிலும் பதிவேட்டுச் சாட்சிக் கையெழுத்துகளிலும் தேட வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: களம்

கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடமோ புரோட்டஸ்டண்டுச் சேகரக் குருவானவரிடமோ துறைத்தலைவரின் கடிதத்தோடு முதலில் போய்ப் பார்ப்பது முறை. அதோடு நின்றுவிடாமல் கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்), பாடகர் குழு, அன்பியப் (பங்கின் சிறு குடும்பக் குழுப்) பொறுப்பாளர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று வட்டத்தை விரிவாக்க வேண்டும். குருவின் விருந்தினராக மட்டும் அறியப்பட்டால் பலர் வாய் திறக்கமாட்டார்கள்.

களத்தில் கிடைக்கும் ஆவணங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது திருவிழா நோட்டீஸ். கொடியேற்றம் முதல் சப்பர பவனி வரை ஒவ்வொரு நாள் திருப்பலியையும் சிறப்பிப்பவர்கள் யார் என்று அதில் அச்சாகியிருக்கும். எந்தத் தெரு, எந்தச் சங்கம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் எந்தக் குடும்பம் எந்த நாளை எடுத்திருக்கிறது என்று பாருங்கள். இருபது ஆண்டு நோட்டீஸ்களைச் சேர்த்து அடுக்கினால் அந்த ஊரில் யார் எழுந்தார்கள், யார் விலகினார்கள் என்பது தானாக வெளிப்படும். அடுத்து, சப்பரத்தைப் பின்தொடர்ந்து நடந்து, அது திரும்பும் தெருக்களை வரைபடத்தில் குறியுங்கள். அது போகாத தெருக்களையும் குறியுங்கள். ஏன் போகவில்லை என்று அன்றே கேட்க வேண்டாம்; திருவிழா முடிந்து சில வாரங்கள் கழித்துக் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்திலும் இதே கவனம் வேண்டும். சில ஊர்களில் அது சாதிவாரியாகப் பிரிந்திருக்கிறது.

புரோட்டஸ்டண்டு ஊர்களில் சப்பரம் இராது. அங்கே சபையார் கூடி உண்ணும் பொது விருந்தான அசனம் இருக்கும். சமையலுக்கு யார், பரிமாற யார், பந்தி எப்படி என்பவையே அங்கு உங்கள் சான்றுகள். ஓரியூர், வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்கள் வேறு வகை. இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) 1693-இல் கொல்லப்பட்ட ஓரியூரில் செம்மண்ணை எடுத்துச் செல்வோரில் இந்துக்களும் பலர். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியிலும் அப்படித்தான். இதை உடனே 'சமய நல்லிணக்கம்' என்று பெயரிட்டு மூடிவிடாமல், ஒவ்வொருவரும் எதைக் கேட்டு வருகிறார், எதைக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று விசாரிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இன்றும் கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டதோடு அது நிற்கிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இதனால் ஒருவருடைய சான்றிதழில் உள்ள சமயமும் அவர் ஞாயிற்றுக்கிழமை போகும் இடமும் வேறாக இருக்கலாம். அப்படிப்பட்டவருடைய பெயரையோ ஊரையோ படத்தையோ நீங்கள் ஆய்வேட்டில் அச்சிட்டால் அவருடைய வேலையும் பிள்ளைகளின் படிப்பும் கேள்விக்குள்ளாகலாம். பெயரை மாற்றுவது மட்டும் போதாது; தெரு, தொழில், உறவு ஆகிய அடையாளங்களையும் மாற்றுங்கள். ஒலிப்பதிவுகளைப் பிறர் கேட்கும்படி விட்டுவைக்காதீர்கள். இதை நெறியாளர் நினைவுபடுத்துவார் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

ஏழாம் படி: எழுதுவது

ஆய்வேட்டை 'கிறிஸ்தவத்தின் தோற்றமும் வளர்ச்சியும்' என்ற இயலோடு தொடங்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். இயேசுவின் சீடர் தோமாவின் வருகை முதல் இன்றுவரை அறுபது பக்கம் எழுதினால் தேர்வாளர் அதைப் புரட்டிவிட்டுத்தான் போவார். உங்கள் ஊரின் கட்டடத்திலோ பதிவேட்டிலோ வழக்கிலோ தொடங்கி, தேவையான இடத்தில் மட்டும் பின்னோக்கிச் செல்லுங்கள்.

நீங்கள் கிறிஸ்தவராக இருந்தால் சொந்தச் சபையின் குறையை எழுதத் தயக்கமும், இல்லையென்றால் எல்லாவற்றையும் சந்தேகிக்கும் ஆர்வமும் வரும். முன்னுரையில் உங்கள் நிலையை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, பிறகு சான்றுகளைப் பேசவிடுவது நல்லது. மக்கள் தாங்கள் செய்வதற்குத் தரும் விளக்கத்தையும் நீங்கள் தரும் விளக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். சப்பரம் அந்தத் தெருவுக்குப் போகாததற்கு 'மின்கம்பி தாழ்வாக இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே பதிவு செய்யுங்கள். மறுவரியில், மின்சாரம் வருவதற்கு முந்தைய நோட்டீஸ்களிலும் அந்தத் தெரு இல்லை என்பதைக் காட்டுங்கள். கண்டனச் சொல் ஒன்றுகூடச் சேர்க்கத் தேவையிராது.

எட்டாம் படி: பட்டத்துக்குப் பின்

இத்துறையின் பெயரிலேயே ஆசிரியப் பணியிடங்கள் அதிகமில்லை என்பதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வு என்ற பாடம் இருக்கிறது. ஆனால் கல்லூரி வேலைக்கு வரலாறு, தமிழ், மெய்யியல் போன்ற ஒரு துறையில் முதுகலைப் பட்டம் வைத்திருப்பவருக்கே வாய்ப்பு கூடுதல். ஆகவே அவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுவிட்டு, ஆய்வுப் பொருளாக இதை எடுப்பது பாதுகாப்பான வழி. இறையியல் கல்லூரிகள், காப்பகங்கள், அருங்காட்சியகங்கள், பதிப்பகங்கள் ஆகியவற்றிலும் இடமுண்டு. பழைய தமிழ்க் கையெழுத்தோடு ஜெர்மனோ பிரெஞ்சோ படிக்கத் தெரிந்தவர்கள் அரிது என்பதால், ஆய்வேட்டின் தலைப்பைவிட அந்தத் திறனே பலருக்கு வேலை வாங்கித் தருகிறது.